ஊர்க்கொடிகளும் உழைப்பவர் முகமும்

வில், கயல், புலி என்னும் மூன்று பொறிகளைப் பள்ளிப் பருவத்திலே மனனஞ் செய்தவர்கள் நாம். ஆதலாற் கொடி என்றதும் மன்னனே நம் நினைவுக்கு வருகின்றான். ஐரோப்பாவிலும் நிலைமை வேறன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே, கவசத்துள் முகம் மறைந்த குதிரைவீரனை அடையாளங் காட்டிய கேடயக் குறிகள், பின்னர் பிரபு குடும்பங்களின் பரம்பரைச் சொத்தாயின. அக்கலைக்கு இலக்கணமும் வகுக்கப்பட்டது. பொன், வெள்ளி இரண்டும் உலோகங்கள், ஏனையவை நிறங்கள். உலோகத்தின்மேல் உலோகமும் நிறத்தின்மேல் நிறமும் வரலாகாது. தூரத்தே நிற்பவனுக்குத் துலக்கமாய்த் தெரியவேண்டும் என்பதே இதன் கருத்து.

பிரபுக்களின் இந்த மொழி இருபதாம் நூற்றாண்டிலே குடியானவர் கைக்கும் வந்து சேர்ந்தது. பின்லாந்து 1949 ஆம் ஆண்டில் இதற்கெனச் சட்டமொன்றையே இயற்றியது. அதன்பின் நாட்டுப்புற ஊர்ச்சபைகளும் தத்தமக்கெனச் சின்னம் வகுத்துக் கொடியில் ஏற்றின. சிங்கமும் கிரீடமும் இல்லாத ஊர்கள் எதை வரைவது? தம்மைச் சூழ இருந்தவற்றையே வரைந்தன. இமாத்ரா நகரம் மூன்று மின்னல்களை வரைந்தது. அங்குள்ள நீர்வீழ்ச்சியிலே 1929 முதல் மின்சாரம் பிறக்கிறது. வடகோடியிலுள்ள இனாரியின் சின்னமோ ஒரு மீன். அதன் தலையிலே கலைமானின் கொம்புகள்! மீன்பிடித்தும் கலைமான் மேய்த்தும் வாழும் மக்களின் இரு தொழில்களும் ஒரே உயிராகிவிட்டன. எந்தப் பிரபுவின் கேடயத்திலும் இத்தகைய துணிவான கற்பனையை நாம் எளிதிற் காணமாட்டோம்.

இவற்றை மக்களின் வெற்றி என்று கொண்டாடுவோர் உளர். அரச முத்திரை இருந்த இடத்திலே மீனும் மின்னலும் வந்ததைக் குறைத்து மதிப்பிட நாமும் விரும்பவில்லை. ஆயினும் ஒரு கேள்வி எழுகின்றது. கொடியில் ஏறியது ஊரின் விளைபொருளா, அன்றி அதனை விளைவித்த மக்களா?

சுவீடனின் வடக்கேயுள்ள கிருனா நகரத்தின் சின்னத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பாதியில் இரும்பின் குறி. மற்றப் பாதியில் பனிநாட்டுக் கௌதாரி வகைப் பறவையொன்று. அந்நிலத்தின் ஆதிக்குடிகளான சாமி மக்களின் மொழியில் அப்பறவையின் பெயர் கிரொன்; நகரத்தின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். இரும்பின் குறியோ பழைய இரசவாதிகள் எழுதிவைத்த வட்டமும் அம்பும். அவர்களுக்கு இரும்பு செவ்வாய்க்குரிய உலோகம். செவ்வாய் உரோமரின் போர்த்தெய்வம். இரண்டாம் உலகப் போரிலே சுவீடனின் வடபகுதிச் சுரங்கங்களின் தாது ஹிட்லரின் ஜேர்மனிக்கு ஏற்றுமதியானதை நினைக்கும்போது, இக்குறி சின்னம் வகுத்தவர்கள் எண்ணியதைக் காட்டிலும் அதிகமாகவே பேசுகின்றது.

அழகான சின்னம் என்பதில் ஐயமில்லை. மண்ணின் பழங்குடியும் நவீன ஆலைத்தொழிலும் ஒரே கேடயத்திலே அருகருகே அமைதியாக வீற்றிருக்கின்றன. இந்த அமைதிதான் நமக்கு உறுத்துகின்றது. கலைமான்களின் மேய்ச்சல் நிலத்தைச் சுரங்கமும் புகையிரதப் பாதையும் ஊடறுத்தன. பறவையின் பெயரை நகரம் வாங்கிக்கொண்டது. பெயரிட்டவர்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். கேடயத்தின் கோடோ இரண்டு பாதிகளையும் சரிநிகராகவே பிரிக்கின்றது.

இரும்பின் பக்கத்திலேனும் தொழிலாளி இருக்கின்றானா? 1969 டிசெம்பர் 9 ஆம் திகதி ஸ்வப்பவாரா சுரங்கத்தில் வேலைநிறுத்தம் மூண்டு, விரைவிலேயே கிருனாவுக்கும் மல்ம்பெரியெத்துக்கும் பரவியது. சுரங்கக் கம்பனி 1957 முதல் அரசின் கையில் இருந்தது. அரசோ சமூக சனநாயகக் கட்சியின் கையில் இருந்தது. தொழிற்சங்கத் தலைமையின் ஒப்புதலின்றியே ஏறக்குறைய ஐயாயிரம் தொழிலாளர் 57 நாட்கள் வேலைக்குப் போகவில்லை. தொழிலாளர் ஆட்சி என்று பேர் பெற்ற நாட்டிலே, தம்மை மனிதராக மதிக்கவில்லை என்று சுரங்கத் தொழிலாளர் குமுறியது பலரையும் திடுக்கிடச் செய்தது. வட்டத்தையும் அம்பையும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இந்த 57 நாட்களில் ஒன்றையேனும் நாம் காணமுடியாது.

வேலைநிறுத்தத்தைக் கேடயத்தில் எழுதமுடியுமா என்று சின்னக்கலை வல்லுநர் நகைக்கலாம். எழுதமுடியாதுதான். சின்னம் சுருங்கிய மொழி; அதனிடம் வரலாற்று நூலை நாம் எதிர்பார்க்கவில்லை. நமது குறை சின்னத்தின்மீதன்று, அதற்கு உரை எழுதுவோர்மீதே. நீலம் நீரைக் குறிக்கும், பச்சை காட்டைக் குறிக்கும், பொன் செழிப்பைக் குறிக்கும் என்று எந்த ஊருக்கும் பொருந்தும் உரையை எழுதிவிட்டு அவர்கள் ஓய்ந்துவிடுகிறார்கள். யாருடைய செழிப்பு என்று கேட்பது அவர்களது இலக்கணத்தில் இல்லை.

கொடியின் பொருளை மக்களே எழுதிய இடமும் உண்டு. நோர்வேயின் கௌத்தோகெய்னோ என்ற சாமி ஊரின் சின்னம் ஒரு கூடாரம். லாவு என்பது அதன் பெயர். கலைமான் மேய்ப்போர் கம்புகளை நாட்டி, மேலே துணி போர்த்தி, நடுவிலே தீ மூட்டித் தங்கும் எளிய குடில் அது. சுற்றுலாக்காரர் படம்பிடித்துச் செல்லும் பொருள் என்றுகூட இதனை ஒதுக்கிவிடலாம். ஆனால் அல்தா நதியின் குறுக்கே அணை கட்டத் தீட்டப்பட்ட முதல் திட்டத்தின்படி, இந்த ஊர்ச்சபையின் எல்லைக்குள் இருக்கும் மாசே என்னும் கிராமம் நீரில் மூழ்கியிருக்கும். மக்கள் எதிர்த்தார்கள், திட்டம் சுருக்கப்பட்டு மாசே தப்பியது. எனினும் நதி தப்பவில்லை. 1979 ஒக்டோபரில் சாமி இளைஞர் சிலர் ஒஸ்லோவுக்குச் சென்று, நோர்வேப் பாராளுமன்றத்தின் முன்னே ஒரு லாவுவை நாட்டி உண்ணாவிரதம் இருந்தார்கள். 1981 ஜனவரியிலே, ஸ்தில்லாவில் சங்கிலியாற் பிணைந்து வழிமறித்தவர்களை அகற்ற ஏறக்குறைய 600 பொலிஸார் அனுப்பப்பட்டனர்.

கௌத்தோகெய்னோவின் சின்னத்துக்கு 1987 இல் அரச அங்கீகாரம் கிடைத்தது. அல்தா மின்நிலையம் இயங்கத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஊர்ச்சபையின் கோப்பிலே கூடாரத்துக்கு என்ன விளக்கம் எழுதியிருந்தாலும், ஒஸ்லோ வீதியிலே அக்கூடாரத்தைக் கண்டவர்களுக்கு வேறு உரை தேவைப்பட்டிராது.

கிருனாவிலோ, சுரங்கம் நிலத்தினடியை அரித்தமையால் நகரத்தையே பெயர்த்துவைக்க வேண்டும் என்று 2004 இல் அறிவிக்கப்பட்டது. 1912 இல் கட்டி முடிக்கப்பட்ட மரத் தேவாலயத்தை, 672 தொன் எடையோடு அப்படியே உருளைகளின்மேல் ஏற்றி, 2025 ஒகஸ்ட் மாதத்திலே இரண்டு நாட்களில் 5 கிலோமீற்றர் தூரம் நகர்த்திச் சென்றார்கள். வீடுகள் பல இடிக்கப்பட்டுவிட்டன. சின்னத்திலே மட்டும் இரும்பும் பறவையும் இன்றும் பாதிக்குப் பாதியாகவே இருக்கின்றன.