குமிழைத் திருகினால் கிரீடம்

கேனான் கேமராக்கள் பலவற்றில் 2.5 மி.மீ. ரிமோட் துளை ஒன்று உண்டு. அதில் செருகும் பிளக்கின் அடிப்பகுதி பொது இணைப்பு. நடுவளையத்தை அதோடு சேர்த்தால் ஃபோகஸ், நுனியைச் சேர்த்தால் ஷட்டர். கேமரா கேட்பது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் கருவி செய்பவரின் கற்பனைக்கு விட்ட இடம்.

அப்படிக் கேமராவை இயக்கும் கருவியில் நான் மிகவும் ரசிக்கும் பாகம் ஆப்டோகப்ளர். நாலு கால் சில்லு. உள்ளே ஒரு பக்கம் எல்.இ.டி., எதிரில் போட்டோ டிரான்சிஸ்டர். இரண்டுக்கும் நடுவே கம்பியே கிடையாது. நம் சர்க்யூட் விளக்கை ஏற்றும். அந்த வெளிச்சம் பட்டு மறுபக்கம் கேமராவின் இணைப்பு மூடிக்கொள்ளும். நம் பக்கத்து மின்சாரம் கேமராவுக்குள் போக வழியே இல்லை. (பழைய பிளாஷ்களில் 200 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும், அங்கே இந்தச் சில்லு தாங்காது, எஸ்.சி.ஆர். வேண்டும்.)

ஆனால் விழும் துளியைப் படம்பிடிக்கும் கலையின் உயிர் தாமதத்தில் இருக்கிறது. ஹெரால்டு எட்ஜெர்டன் 1957-இல் எடுத்த பால்துளிக் கிரீடப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அப்படி ஒன்றை எடுக்கும் ஆசை வராமல் போகாது. 50 செ.மீ. உயரத்திலிருந்து துளி விழுகிறது; 10 செ.மீ. இறங்கியதும் ஒரு லேசர் கதிரை வெட்டுகிறது. அங்கிருந்து பாத்திரத்தைத் தொட ஏறக்குறைய 176 மில்லி வினாடி. தொடும்போது அதன் வேகம் மில்லி வினாடிக்கு 3 மி.மீ. கதிரைக் கவனிக்க எல்.டி.ஆர். என்ற ஒளி உணரும் மின்தடை போதாது, அது மந்தம். போட்டோ டிரான்சிஸ்டர்தான் சரி. கேமராவின் கண்ணாடி எழும்பி ஷட்டர் திறக்கும் நேரத்தையும் நம்ப முடியாது. அதனால் இருட்டறையில் ஷட்டரை முன்பே திறந்துவைத்து, பிளாஷை மட்டும் சுடுவார்கள். பிளாஷின் சக்தியைக் குறைத்தால் அதன் ஒளி இன்னும் சுருக்கமாக முடியும், துளி கலங்காது.

தாமதத்துக்கு ஹான்ஸ் காமென்சிண்ட் வடிவமைத்த 555 டைமர் சில்லு போதும். ஒரு மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 160 கிலோ ஓமும் சேர்ந்தால் அதே 176 மில்லி வினாடி கிடைக்கிறது. அது முடியும் கணத்தில் இரண்டாவது 555 பிளாஷைச் சுடும்.

ஆர்டுயினோவில் எண்ணைத் தட்டச்சு செய்தும் இதைச் செய்யலாம், துல்லியம் கூடும். எனக்கு 555-இன் தாமதத்தை மாற்றத் திருகும் குமிழே பிடிக்கும். சற்றுத் திருகினால் கிரீடம், இன்னும் திருகினால் குழி, அதற்கும் மேலே போனால் குழி மூடி நடுவிலிருந்து தூண் எழுகிறது. நீரின் ஒவ்வொரு நிலையையும் விரல்நுனியால் தேடிப் போகலாம்.