ரவிக்கையின் உள்தையல்

தையற்காரர் அளவில் பிழை செய்துவிட்டார் என்று பெட்டியின் அடியில் தள்ளிவைத்த ரவிக்கையை ஒரு மத்தியானம் உட்புறம் திருப்பிப் பார்த்தால், பக்கவாட்டில் கால் அங்குல இடைவெளியில் இரண்டு மூன்று தையல்கள் சமாந்தரமாக ஓடுவதையும், அவற்றுக்கு அப்பாலும் துணி மிஞ்சிக் கிடப்பதையும் கண்டு, அவருடைய தீர்க்கதரிசனத்தின் முன் மனம் சற்றே வெட்கப்படுகிறது. உள்வரிசையை மட்டும் பிரித்தால் போதும். பக்கத்துக்கு இரண்டு மடிப்பாதலால், அந்தக் கால் அங்குலம் சுற்றளவில் முழுதாக ஓர் அங்குலமாகப் பெருகிவிடுகிற கணித விநோதம் எனக்கு இன்றும் அலுக்கவில்லை. நாலு தையலுக்கு ஒன்றாக அறுத்து, மறுபுறத்து நூலை மெல்ல இழுக்க, அது முழு நீளத்துக்கும் வழுக்கி வெளிவரும் சுகம் புதிதாகத் தைப்பதில்கூட இல்லை. பழைய ஊசித் துளைகள் பருத்தியில் ஈரம் காட்டித் தேய்த்தால் பெரும்பாலும் மறையும். பட்டில் மறைவது அபூர்வம். ஆகையால், தளர்த்துவதற்கு மாறாக, பட்டு ரவிக்கையைப் பிடித்துச் சிறிதாக்குவதாயின், மெல்லிய ஊசியால் ஓட்டுத்தையல் போட்டு முதலில் அணிந்து பார்த்துவிடுங்கள்.