அர்த்தம் தெரியாத பாட்டு

கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன் ஒரு நாள் மத்தியானம், நான் சாய்வு நாற்காலியில் கண்ணயரும் சமயமாகப் பார்த்து, கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான். "தாத்தா, இது என்ன பாஷைப் பாட்டுன்னு சொல்லுங்க, பார்ப்போம்!" என்றான்.

மலைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு பிரபுதேவா ஆடிக்கொண்டிருந்தார். அவருக்கு எலும்பு என்று ஒன்று உண்டா என்ற பழைய சந்தேகம் எனக்கு மறுபடியும் எழுந்தது. திரையின் அடியில் ஆங்கில எழுத்துகள் ஓடின. எழுத்து எங்கே ஓடினாலும் விடாமல் படிப்பது என் தொழில் வியாதி, படித்தேன். தலையும் இல்லை, வாலும் இல்லை, அர்த்தமற்ற வாக்கியங்கள். ஆனால் அதிசயத்தைப் பாருங்கள், பாட்டும் அதையேதான் சொல்லிற்று! கண் எதைப் படித்ததோ அதையே காதும் கேட்டது. "ஏதோ இங்கிலீஷ் பாட்டு போல இருக்கிறது" என்றேன். பேரன் சிரித்துக்கொண்டே திரையின் அடிப்பாகத்தை விரலால் மறைத்தான். அந்த க்ஷணமே பாட்டு தமிழாகிவிட்டது.

ஐம்பது வருஷம் தமிழ் எழுதிப் பிழைத்தவன் ஒரு தமிழ்ப் பாட்டை இங்கிலீஷ் என்று சொன்ன கதை இது. வெளியே சொல்லிக்கொள்ளக் கூடியதல்ல. ஆனால் அன்று முழுவதும் அந்த வெட்கம் என்னை விடவில்லை. எழுதித் தீர்த்தால்தான் போகும் போலிருக்கிறது.

பேரனுக்கு இது பழைய செய்தி. 2000-ஆம் வருஷத்தில் 'பெண்ணின் மனதைத் தொட்டு' என்று ஒரு படம் வந்தது. எஸ். ஏ. ராஜ்குமார் சங்கீதம். அதில் 'கல்லூரி வானில்' என்று ஆரம்பிக்கும் பாட்டு ஒன்று. மற்றப் பாட்டுகளைப் போலவே அதுவும் வந்தது, கொஞ்ச நாள் ஒலித்தது, ஓய்ந்தது. ஏழு வருஷம் கழித்து, 2007-இல், தமிழில் ஓர் அட்சரமும் அறியாத ஓர் அமெரிக்க இளைஞர் 'பஃபலாக்ஸ்' என்ற புனைபெயரில் அந்தக் காட்சியை யூட்யூபில் ஏற்றினார். பாட்டின் ஒவ்வொரு வரியும் தம் காதுக்கு எந்த ஆங்கில வார்த்தைகளாகப் பட்டதோ, அவற்றை அப்படியே அடியில் எழுதிவிட்டார். மொழிபெயர்ப்பு அல்ல, காது பெயர்ப்பு! காதலியை நிலாவோ என்று கேட்கிறான் காதலன். அந்த நிலா அமெரிக்கக் காதில் 'பென்னி லாவா' என்று விழுந்தது. பாட்டுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பல லட்சம் பேர் பார்த்தார்கள், வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நம் சந்திரன் பென்னி என்ற ஓர் ஆசாமியாக அமெரிக்கா முழுவதும் உலா வந்தான்.

நானும் சிரித்தேன். அதை ஒளித்துவிட்டு நல்ல பிள்ளையாகக் கண்டனம் எழுத முடியாது. சிரித்து முடித்த பிறகுதான் ரோஷம் வந்தது. நம் பாஷை இவர்களுக்கு வெறும் உளறலா? ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாதா? இப்படிப் பொருமிக்கொண்டிருந்தபோதுதான், எங்கள் ஊர்த் திண்ணை ஒன்று ஞாபகத்துக்கு வந்து என் வாயை அடைத்தது.

அந்தத் திண்ணைக்கு உரியவரிடம் தெருவிலேயே ஒரே வானொலிப் பெட்டி இருந்தது. அது இலங்கை வானொலியின் பொற்காலம். டில்லியில் பி. வி. கேஸ்கர் ஒலிபரப்பு மந்திரியாக இருந்தார் (1952 முதல் 1962 வரை அவர்தாம்). சினிமாப் பாட்டு ஜனங்களைக் கெடுத்துவிடும் என்பது அவருடைய அபிப்பிராயம். அகில இந்திய வானொலியில் அதைக் கிட்டத்தட்ட ஒழித்தே விட்டார். நேயர்கள் என்ன செய்தார்கள்? முள்ளை மெதுவாகத் திருப்பிக் கொழும்புக்குப் போய்விட்டார்கள்! 1952 டிசம்பரில் அங்கே 'பினாகா கீத்மாலா' தொடங்கியது. அமீன் சயானியின் குரல் கடல் தாண்டி வந்தது. கடைசியில், 1957 அக்டோபரில், அரசாங்கமே விவித பாரதியைத் தொடங்கிச் சினிமாப் பாட்டுக்கு இடம் கொடுத்தது. ஒரு மந்திரியைப் பற்பசை விளம்பர நிகழ்ச்சி ஒன்று தோற்கடித்தது நம் நாட்டுச் சரித்திரத்தில் ஒரு தடவைதான் நடந்திருக்கும்.

அந்த ஹிந்திப் பாட்டுகளைத் திண்ணையில் உட்கார்ந்து வாய் பிளந்து கேட்ட எங்களில் ஒருவனுக்காவது ஹிந்தி தெரியுமா? தெரியாது. காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வோம். ஒவ்வொருவன் நோட்டிலும் ஒவ்வொரு பாடம். எது சரியான பாடம் என்று உ.வே.சா. அளவுக்குச் சர்ச்சை நடக்கும். என் சிநேகிதன் ஒருவன் 1965-இல் ஹிந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் தொண்டை கிழியக் கோஷம் போட்டுவிட்டு விடுதிக்கு வந்து, குளியலறையில் ஹிந்திப் பாட்டையே சீட்டியடித்தான். கேட்டால், "அது அரசியல், இது சங்கீதம்" என்பான். அவன் ஒருவன் மட்டுமல்ல. நாலு வருஷம் கழித்து வந்த 'ஆராதனா' சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. அதற்குக் கூட்டம் சேர்த்தவர்கள் சௌகார்பேட்டைக்காரர்கள் மட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிறகு 1987-இல் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் ராமாயணம் வந்தபோது, ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்நாட்டில் தெருவே வெறிச்சோடியதும் அந்த ரகந்தான். கதை தெரிந்திருந்தது, பாஷை தேவைப்படவில்லை.

ஆக, அர்த்தம் தெரியாமல் கேட்பது குற்றமானால் நாங்கள்தாம் முதல் குற்றவாளிகள். காதில் விழுந்ததைத் தோன்றியபடி எழுதிக்கொண்டது குற்றமானாலும் அப்படியே. அப்படியிருக்க, அந்த அமெரிக்க இளைஞரின் விளையாட்டு மட்டும் ஏன் உறுத்துகிறது?

இங்கே ஓர் அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில்வியா ரைட் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1954-இல் 'ஹார்பர்ஸ்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். குழந்தையாயிருந்தபோது அவருடைய தாயார் ஒரு பழைய ஸ்காட்லாந்துக் கதைப்பாட்டைப் படித்துக்காட்டுவார். ஒரு பிரபுவைக் கொன்று புல்தரையில் கிடத்திவிடுகிறார்கள் என்று அதில் வருகிறது. 'புல்தரையில் கிடத்தினார்கள்' என்பதற்கான ஆங்கில வார்த்தைகள் குழந்தையின் காதில் ஒரு சீமாட்டியின் பெயராக விழுந்தன: லேடி மாண்டகிரீன். ஆகவே, பிரபுவோடு கூடவே அந்தச் சீமாட்டியும் உயிர் விட்டதாகக் குழந்தை எண்ணிக்கொண்டது. இல்லாத சீமாட்டிக்காக மனம் உருகிற்று. வளர்ந்தபின் உண்மை தெரிந்தும், தம்முடைய பாடமே மேல் என்று அந்த அம்மாள் சாதித்தார். பிரபு தனியாகச் சாவதை விட, ஒரு துணையோடு சாவது எவ்வளவோ மேல் அல்லவா? அன்று முதல், தப்பாகக் காதில் விழும் பாட்டு வரிக்கு ஆங்கிலத்தில் 'மாண்டகிரீன்' என்றே பெயர், அகராதியிலும் ஏறிவிட்டது.

புல்தரை சீமாட்டியானதும் நிலா பென்னியானதும் ஒரே ஜாதித் தவறுதான். ஆனால் ஒன்றில் குழந்தை பாட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அர்த்தம் தெரியாத இடத்தில் தன் மனசிலிருந்து ஓர் அர்த்தத்தை எடுத்து வைத்தது. மற்றதில், அர்த்தம் இருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. இருந்தால் சிரிப்பு நின்றுவிடும். எனக்கு உறுத்தியது இதுதான் என்று அப்போது தீர்மானித்தேன்.

தீர்மானம் ரொம்ப நாள் நிற்கவில்லை. ஏனென்றால், தமிழ்ப் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை நிதானமாக, எழுத்தை மறைத்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாகக் கேட்டேன். இருபத்தைந்து வருஷத்தில் இப்போதுதான் முதல் தடவை! காதலி நிலா, காதலன் தவிக்கிறான். இந்த உவமையைச் சங்கப் புலவர்களே தேய்த்துவிட்டார்கள். கல்லூரியை அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்ததைத் தவிர இங்கே புதிது ஒன்றும் இல்லை. மெட்டுக்கு அளவாக வெட்டி அடுக்கிய வார்த்தைகள். வாய்க்கு வசதி, தாளத்துக்குச் சௌகரியம், அவ்வளவுதான். இந்தப் பாட்டை ஆடிக் களித்த தமிழ் இளைஞர்களில் எத்தனை பேர் வார்த்தையைக் கேட்டிருப்பார்கள்? நான் கேட்கவில்லை. அந்த அமெரிக்கர் கேட்டார்! ஒவ்வோர் அசையையும் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டிராவிட்டால், உதட்டசைவுக்கும் ஒலிக்கும் அத்தனை கச்சிதமாகப் பொருந்தும்படி உளறலை எழுதியிருக்க முடியாது. பாட்டை எழுதியவரைத் தவிர, அதன் ஒலியை இவ்வளவு உன்னிப்பாகக் கேட்டவர் அந்தக் கேலிக்காரராகத்தான் இருக்கும். சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் உண்மை.

எங்கள் தகப்பனார் காலத்தில் இந்தக் கேள்விக்காகச் சண்டையே நடந்தது. பாட்டுக் கச்சேரியில் தமிழன் தமிழில் கேட்க வேண்டாமா என்று ராஜா சர் அண்ணாமலை செட்டியார் இயக்கம் நடத்தினார். 1943-இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. கல்கி அதற்காக மல்லுக்கு நின்று எழுதினார். எதிர்க்கட்சியார், நாதத்துக்குப் பாஷை ஏது, தியாகராஜருடைய பக்தி தெலுங்கு தெரியாதவனுக்கும் எட்டாதா என்றார்கள். என் தகப்பனார் தமிழிசைக் கட்சி, பெரியப்பா எதிர்க்கட்சி. பொங்கலுக்குப் பொங்கல் வாக்குவாதம் தவறாது. பெரியப்பா தெலுங்குக் கீர்த்தனம் பாடும்போது வார்த்தைகளைக் கடித்துத் துப்புவதைக் கேட்டால் தியாகராஜர் இன்னொரு தரம் சந்நியாசம் வாங்கிக்கொள்வார். ஆனால் பாடும்போது அவர் கண்ணில் ஜலம் வரும். அந்த ஜலம் பொய்யல்ல. எழுத்தை நம்பிப் பிழைக்கும் எனக்குத் தகப்பனார் கட்சியில் இருப்பதுதான் நியாயம். இருந்தாலும், பெரியப்பாவின் கண்ணீருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இந்த வாதத்தை ஓர் இத்தாலியர் வேடிக்கையாகவே நடத்திக்காட்டிவிட்டார். அட்ரியானோ செலன்டானோ என்ற பாடகர் 1972-இல் ஒரு பாட்டு வெளியிட்டார். அதன் பெயரை ஒரே மூச்சில் சொல்பவருக்குப் பரிசு கொடுக்கலாம்: 'பிரிசென்கோலினென்சினைன்சியூசோல்'. கேட்டால் அசல் அமெரிக்க ஆங்கிலம் போலிருக்கும். ஆனால் 'ஆல்ரைட்' என்பதைத் தவிர அர்த்தமுள்ள வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசிப் புரிந்துகொள்ள முடியாமற்போனதைப் பற்றிய பாட்டு என்பது அவர் சொன்ன விளக்கம். பல வருஷங்களுக்குப் பின் இணையத்தில் இந்தப் பழைய தொலைக்காட்சிக் காட்சி கிடைத்து, ஆங்கிலேயரும் அமெரிக்கரும் பார்த்துத் திகைத்தார்கள். தங்கள் பாஷை அந்நியன் காதில் எப்படி விழும் என்பதை அவர்கள் அப்போதுதான் கேட்டார்கள். பேரனிடம் இதைப் போடச் சொல்லி ஐந்து தடவை கேட்டேன். பென்னி லாவாவில் இல்லாதது ஒன்று இதில் இருக்கிறது: உளறுகிறவனே தன் உளறலுக்குப் பொறுப்பேற்றுக்கொள்கிறான்.

தலேர் மெஹந்தியின் 'துணுக் துணுக் துன்'னும் (1998) அப்படித்தான். உன் பாட்டு விலைபோவது கூட ஆடும் அழகிகளால்தான் என்று யாரோ சொன்னார்களாம். மனிதர் அழகிகளை அடியோடு நீக்கிவிட்டு, நாலு நிறத் தலைப்பாகையில் தாமே நாலு பேராக வந்து ஆடிவிட்டார்! உலகம் சிரித்தது, முதலில் சிரித்தவர் அவர். நம்மவர்களுடைய 'கொலவெறி'யையும் இங்கே சேர்க்க வேண்டும். 2011 நவம்பரில் தனுஷும் அனிருத்தும் ஓட்டை இங்கிலீஷைத் தாங்களே எடுத்துப் பாட்டாக்கி உலகத்துக்கு அனுப்பினார்கள். பண்டிதர்கள் கோபித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. பென்னி லாவாவுக்கு நாலு வருஷம் கழித்து நல்ல பதில் போயிற்று என்றே தோன்றியது. அது பதில் என்று பதில் போட்டவர்களுக்கே தெரிந்திருக்காது, அதனால் என்ன?

பிரபுதேவாவின் விஷயந்தான் எனக்குச் சமாதானமாகவில்லை. அந்தக் காட்சியில் வார்த்தை சாதாரணம், மெட்டு பரவாயில்லை, ஆட்டம் அசாதாரணம். அடியில் எழுத்து ஓடினால் கண் எழுத்தோடு போய்விடுகிறது. அந்தக் கால்களை யாரும் பார்ப்பதில்லை. நானும் முதல் தடவை பார்க்கவில்லை என்பதைத்தான் மேலே ஒப்புக்கொண்டிருக்கிறேனே.

பேரன் ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள், திண்ணைக் காலத்து ஹிந்திப் பாட்டு ஒன்றை அவனுக்குப் பாடிக்காட்டினேன். என் நோட்டுப் புத்தகத்துப் பாடப்படி! எப்படியோ கண்டுபிடித்துக் கைபேசியில் போட்டுவிட்டான். அடியில் ஆங்கில அர்த்தத்தோடு. தாய் ஒருத்தி குழந்தையைத் தூங்கவைக்கிறாள் என்று அறுபத்தைந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் மூத்த பெண்ணை அந்தப் பாட்டைப் பாடித்தான் தூங்கவைத்தேன். அது தாலாட்டு இல்லையாம். என்ன பாட்டு என்பதை இங்கே எழுதப்போவதில்லை. ஹிந்தி தெரிந்த வாசகர்கள் சிரிப்பார்கள்.

"எழுத்தை எடுத்துவிட்டு இன்னொரு தடவை போடுடா" என்றேன். போட்டான். குரல் அதே குரல், மெட்டு அதே மெட்டு. குழந்தையைத்தான் காணோம்.