ஜமீன் வரலாறு: அரண்மனை இருக்கு, கணக்கு எங்கே?

தமிழில் ஜமீன் வரலாறு என்று வரும் புத்தகங்கள், வார இதழ்த் தொடர்கள், யூடியூப் வீடியோக்கள் பெரும்பாலானவற்றுக்கு ஒரே டெம்ப்ளேட்தான். அரண்மனையின் தூண்கள், ராஜா வேட்டையாடிய புலி, குலதெய்வக் கோயிலில் முதல் மரியாதை, பாதியில் நிற்கும் ஒரு புதையல் கதை, கடைசியில் "இன்று வௌவால்கள் குடியிருக்கின்றன" என்று ஒரு பெருமூச்சு. சாப்டூர், கண்டமனூர், போடிநாயக்கனூர் என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டால் அடுத்த அத்தியாயம் ரெடி.

இவை பொய் என்று சொல்ல வரவில்லை. வாய்மொழிக் கதைகளைச் சேர்த்து வைத்ததற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். என் குறை வேறு. நம்ம தொழில் பாஷையில் சொன்னால், அரண்மனை என்பது வெறும் ஸ்கிரீன். பின்னால் ஓடும் டேட்டாபேஸ் ஜமீன் நிலம். எந்தக் கண்மாய்ப் பாசனம், யார் உழுதார், எவ்வளவு வாரம் அளந்தார், அந்தப் பணம் எங்கே போச்சு? இந்தக் கேள்விகள் இல்லாமல் எழுதுவது கட்டட வர்ணனை. அதை வரலாறு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இங்கிலாந்திலும் இதே கதைதான் இருந்தது. கவுண்டி கவுண்டியாக நிற்கும் 'கண்ட்ரி ஹவுஸ்' மாளிகைகளைப் பற்றி அவர்கள் எழுதிக் குவித்ததில் பெரும்பகுதி கட்டடக்கலைப் புகழ்ச்சி. 1978இல் மார்க் ஜிரௌர்டு எழுதிய புத்தகம், மாளிகையில் யார் எப்படி வாழ்ந்தார்கள், வேலைக்காரர்கள் எந்தப் படிக்கட்டில் ஏறினார்கள் என்ற பக்கம் கவனத்தைத் திருப்பியது. 2020இல் நேஷனல் டிரஸ்ட் வெளியிட்ட அறிக்கை, தன் பொறுப்பில் உள்ள 93 இடங்களுக்கு அடிமை வணிகத்தோடும் காலனி ஆட்சியோடும் இருந்த தொடர்பைப் பட்டியல் போட்டது. அங்கே பெரிய சண்டையே நடந்தது. ஆனாலும் "காசு எங்கிருந்து வந்தது" என்ற கேள்வியை இனி யாரும் சும்மா தாண்டிப் போக முடியாது.

அந்தக் காசில் ஒரு பங்கு நம்ம ஊரிலிருந்து போனது. ஹார்ட்ஃபோர்ட்ஷயர் கவுண்டியில் உட்ஹால் பார்க் என்றொரு மாளிகை. கட்டியவர் தாமஸ் ரம்போல்ட், 1778 முதல் 1780 வரை சென்னை கவர்னர். 1790களில் அதை வாங்கியவர் பால் பென்ஃபீல்ட். சென்னைக்குக் கம்பெனி உத்தியோகத்தில் வந்து, ஆற்காடு நவாப் முகமது அலிக்குக் கடன் கொடுத்தே பெரும் பணக்காரர் ஆனவர். நவாப் கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்தது ஊர்களின் வரி வசூலை. தஞ்சாவூர் விளைச்சல் மேலேயே இரண்டேகால் லட்சம் பவுண்டுக்கு மேல் தனக்கு உரிமை உண்டு என்றார் பென்ஃபீல்ட். 1785இல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பிரித்து மேய்ந்தது இந்தக் கடன் விவகாரத்தைத்தான்.

இதே நவாப்தான் 1772இல் கப்பம் கேட்டு, கம்பெனிப் படையோடு ராமநாதபுரம், சிவகங்கை மேல் வந்தவர். காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் மாண்டதை நாம் வீரக் கதையாகச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்தச் சண்டைக்குப் பின்னால் ஒரு வட்டிக் கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தை நம் ஜமீன் எழுத்து திறப்பதே இல்லை.

திறந்து பார்த்தவர் பமீலா பிரைஸ். காலனிய இந்தியாவின் அரசுரிமை பற்றி 1996இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட அவருடைய புத்தகம் ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களைப் பற்றியது. 1803 நிரந்தரத் தீர்வைக்குப் பிறகு ஜமீன்தார்களிடம் படை இல்லை. சண்டை கோர்ட்டுக்குள் போகிறது. சிவகங்கையில் 1829இல் ஜமீன்தார் இறந்ததும் தொடங்கிய வாரிசுச் சண்டை, 1863இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் கட்டம நாச்சியார் பக்கம் தீர்ப்பாக 34 வருஷம் ஆச்சு. விவேகானந்தரின் பயணத்துக்கு உதவியவராக நாம் அறிந்த பாஸ்கர சேதுபதி, வாரிக் கொடுத்தே கடனில் மூழ்குகிறார். இதை ஊதாரித்தனம் என்று பிரைஸ் தள்ளிவிடவில்லை. கொடுத்தால்தான் ராஜா என்ற பழைய தர்மமும், வரவு செலவு பார்க்கும் புதிய சட்டமும் ஒரே ஆளின் தலையில் மோதியதாகக் காட்டுகிறார். நான் வாசித்த ஜமீன் புத்தகங்களில் இதுதான் ஆகச் சிறந்தது.

நிக்கோலஸ் டர்க்ஸின் 'தி ஹாலோ கிரவுன்' (1987) புதுக்கோட்டை சமஸ்தானத்தைப் பற்றியது. எங்கள் நாகமலை புதுக்கோட்டை இல்லைங்க, அது வேற! இனாம் நிலமும் மரியாதையும் சாதியும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதில் அவர் கில்லாடி.

இரண்டிலும் எனக்கு ஒரே மனக்குறை. ஆதாரங்கள் ராஜாவும் வக்கீலும் கலெக்டரும் விட்டுச்சென்ற காகிதங்கள். அதனால் பார்வை அரண்மனை மாடியிலிருந்தே கீழே இறங்குகிறது. வாரம் அளந்த குடியானவர் பக்கம் வெளிச்சம் குறைவு. அவர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர் பக்கம் இன்னும் இருட்டு.

இது பழங்கதை ஆராய்ச்சி மட்டும் இல்லை. குடியானவருக்கு நிலத்தில் நிலையான உரிமை கொடுத்தது 1908 எஸ்டேட் நிலச் சட்டம். ஜமீனை ஒழித்து ரயத்துவாரி ஆக்கியது 1948ஆம் வருஷத்து 26ஆம் சட்டம். ஜமீன்தாருக்கு அதில் நஷ்டஈடும் உண்டு. இன்றைக்கு மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் யாருக்கு எத்தனை ஏக்கர் பட்டா, யாருக்கு ஒரு சென்ட்டும் இல்லை என்பதன் வேர் இந்த இரண்டு சட்டங்களுக்கு நடுவிலான 40 வருஷத்தில் இருக்கு. அரசுக் கணக்கில் இன்னும் 'எக்ஸ் ஜமீன் கண்மாய்' என்று ஒரு வகையே உண்டு. ஜமீன் செத்து 75 வருஷம் தாண்டியும் கண்மாய்க்கு அந்த முன்னொட்டு போகவில்லை.

ராமலிங்க விலாசத்துக்குப் போனால் சுவரோவியங்களைக் கட்டாயம் பாருங்கள், அற்புதம். ஆனால் இந்தப் பக்கத்து வரலாற்றின் அடுத்த நல்ல புத்தகம் சுவரிலிருந்து வராது. யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கும் ஜமீன் பட்டா, முச்சலிக்கா, தீர்வை ரசீதுகளிலிருந்து வரும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு கட்டு இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன்னால் போனில் ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.