131 கேள்விகள்

1945இல் தென் ஜேர்மனியைக் கைப்பற்றிய அமெரிக்க இராணுவம், அரச பதவியில் தொடர விரும்பிய ஆசிரியர், எழுத்தர், பொலிஸ்காரர் எல்லோரிடமும் ஒரு வினாக்கொத்தை நீட்டியது. மொத்தம் 131 கேள்விகள். பொய் சொன்னால் இராணுவ நீதிமன்றம் என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது. உயரம் என்ன, நிறை என்ன, கண் என்ன நிறம், உடம்பில் தழும்பு உண்டா. 1932 நவம்பர் தேர்தலில் எந்தக் கட்சிக்கு வாக்களித்தீர். பாட்டன் பாட்டிமாரில் யாராவது பிரபுப் பட்டம் வைத்திருந்தார்களா?

எர்ன்ஸ்ட் ஃபொன் ஸலோமோன் இந்தப் படிவத்தையே ஒரு பருத்த தன்வரலாறாக்கினார். நூலின் பெயரும் ‘வினாக்கொத்து’தான். கேள்விகளின் வரிசையிலேயே பதில்கள் போகின்றன. சிலவற்றுக்கு ஒரு வரி, சிலவற்றுக்குப் பல பத்துப் பக்கங்கள். 1951இல் வெளிவந்து மேற்கு ஜேர்மனியில் அமோகமாக விற்றது. ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு.

இவர் அப்பாவி அல்லர். 1922இல் யூதரான வெளிவிவகார அமைச்சர் வால்ட்டர் ராத்தெனாவைக் கொன்ற சதியில் பங்கெடுத்துச் சிறை சென்றவர். ஆனால் நாஜிக் கட்சியில் சேரவில்லை. ஹிட்லர் காலத்தில் திரைக்கதை எழுதிப் பிழைத்தார்; யூதரான தன் துணைவியைத் தன் மனைவி என்று சொல்லிக் காப்பாற்றினார். அப்படிப்பட்டவரை அமெரிக்கர்கள் பிடித்து 1946 வரை முகாமில் அடைத்தார்கள். முகாமில் வாங்கிய அடிகளைப் பற்றி எழுதும் பக்கங்கள் நூலிலேயே வலுவானவை. பெருமளவுக்கு உண்மை என்றே நம்புகிறேன்.

படிவங்களை வடிவமைப்பது என் தொழில். பெட்டி இல்லாத விடயம் படிவத்துக்குத் தெரியாது. இதை வாசிக்கும் உங்களிலும் பலர் ஏதோ ஒரு குடிவரவு அலுவலகத்தில், வாழ்க்கையை ஒன்றரை வரிக்குள் எழுதச் சொன்ன ஒரு பெட்டியைப் பார்த்துத் திகைத்திருப்பீர்கள். ஸலோமோனின் கிண்டல் நம்மை இலகுவில் பிடித்துக்கொள்வது அதனால்தான். கண்ணின் நிறத்தைக் கேட்கும் வெள்ளைக்கார அதிகாரியைப் பார்த்து நாமும் சேர்ந்து சிரிக்கிறோம்.

ஆனால் மூலப் படிவத்தை எடுத்துப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். அரசியல், மத, இனக் காரணங்களுக்காகப் பிறரிடம் பறித்த சொத்து எதையாவது நீரோ உமது குடும்பத்தவரோ பெற்றீர்களா என்று அதில் ஒரு கேள்வி இருக்கிறது. 1931 முதல் ஆண்டுவாரியாக வருமானத்தையும் கேட்கிறது. யூத அயலவரின் வீடும் தளபாடமும் எங்கே போயின என்று கண்டுபிடிக்க விரும்பும் ஒருவர் இதைவிடக் கூர்மையாகக் கேட்க முடியாது. ஊரே அவமானமாகப் பேசிய அந்தத் தாளுக்குள் சரியான கேள்வியும் இருந்தது. கிண்டலுக்கு அகப்பட்டதெல்லாம் தழும்பும் பிரபுப் பட்டமும்தான்.

நிர்வாகம் என்று பார்த்தால் அமெரிக்கர்கள் செய்தது குளறுபடியே. 1946 மார்ச்சில் ஒரு சட்டத்தின் மூலம் பொறுப்பை ஜேர்மன் விசாரணை மன்றங்களிடம் தள்ளிவிட்டார்கள். அமெரிக்க வலயத்தில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் படிவம் நிரப்பினார்கள். பெருங்குற்றவாளி முதல் குற்றமற்றவர் வரை ஐந்து வகுப்புகள். விசாரணைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் நான்காம் வகுப்பில், ‘கூட ஓடியவர்’ என்ற இடத்தில் வந்து சேர்ந்தார்கள். நற்சான்றுக் கடிதங்களுக்குச் சலவைத்தூளின் பெயரால் ‘பெர்சில் சான்று’ என்று பட்டம் சூட்டியது சனம். சோவியத் வலயத்திலும் கதை வேறல்ல. ட்ரெஸ்டனில் உயிர்தப்பிய யூதப் பேராசிரியர் விக்டர் கிளெம்பெரர், நேற்றுவரை தன்னைக் கண்டு ஒதுங்கியவர்கள் சான்று கேட்டு வாசலுக்கு வருவதை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். சிறிய ஆட்களை முதலில் விசாரித்து, பெரிய ஆட்களுக்கு நேரம் வந்தபோது பனிப்போர் தொடங்கிவிட்டது. ஸலோமோனின் நூல் வந்த அதே 1951இல், ஜேர்மன் அடிப்படைச் சட்டத்தின் 131ஆம் பிரிவின்கீழ் ஒரு சட்டம் வந்து, நீக்கப்பட்ட அலுவலர்களில் மிகப் பலரைத் திரும்ப வேலைக்கு எடுத்தது. எண் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் எந்த நாவலாசிரியருக்கும் இப்படி வாய்க்காது.

எனக்கு நூலில் இடிப்பது அதன் முடிவு. முகாமில் ஸலோமோனோடு இருந்த ஹான்ஸ் லூடின், ஸ்லோவாக்கியாவில் ஹிட்லரின் தூதர். தப்பியோடாதவர், கௌரவமானவர், நண்பர்களைக் கைவிடாதவர் என்று அவர் தீட்டப்படுகிறார். 1947 டிசம்பரில் பிராட்டிஸ்லாவாவில் தூக்கிலிடப்படுகிறார். அந்தத் தூக்குமேடையோடு நூல் முடிகிறது. வாசித்த எனக்கும் நெஞ்சு கனத்தது. கனத்ததைத்தான் சந்தேகிக்கிறேன். லூடின் தூதராக இருந்த 1942இல் மட்டும் ஸ்லோவாக்கியாவிலிருந்து 57,000க்கும் மேற்பட்ட யூதர்கள் நாடுகடத்தப்பட்டார்கள்; திரும்பியவர்கள் சில நூறு பேர். எத்தனையோ நூறு பக்கம் பேசிய ஸலோமோன், தன் துணைவியைக் காப்பாற்றத் தெரிந்த ஸலோமோன், அவர்களில் ஒருவருக்கும் லூடினுக்குக் கொடுத்ததுபோல ஒரு முகம் கொடுக்கவில்லை. வென்றவன் முட்டாள் என்பதைக் காட்டிக் காட்டியே தோற்றவனின் கணக்கை மூடிவிடுகிறார். தோல்வியைச் சுமக்கும் வாசகர்களுக்கு, நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இது மிகவும் ருசிக்கும் எழுத்து.

லூடினின் மகன் மால்ட்டே, 2005இல் தந்தையைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். ஆவணங்களை மேசையில் பரப்பி வைத்துத் தன் சகோதரிகளிடம் கேட்கிறார். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று அறுபது வருடம் கழித்தும் அவர்களில் ஒருவர் வாதாடுகிறார்.