துளையை மூடினால் துடிப்பு அடங்குமா?

இதயத்தின் இரு மேலறைகளுக்கும் இடையிலான சுவரில் பிறவித் துளையோடு நாற்பது வயதுவரை ஒன்றும் தெரியாமலே காலம் தள்ளிவிடலாம். மூச்சிரைத்து, படபடத்து, எக்கோ எடுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். அதற்குள் மேலறை விரிந்து, சிலருக்குத் துடிப்பு தாளம் தப்பியிருக்கும். துளையை அடைத்தால் தாளமும் சரியாகிவிடும் என்று வீட்டார் நம்புவார்கள். டொராண்டோவில் அறுவை செய்துகொண்ட 213 பெரியவர்களைப் பற்றி 1999இல் வந்த ஆய்வு வேறு கதை சொல்கிறது: முன்பே தாளம் தப்பியிருந்த 40 பேரில் 24 பேருக்கு அது நீடித்தது.

ஆகவே, நெஞ்சைத் திறந்த கையோடு 'மேஸ்' அறுவையையும் செய்வது நியாயம்தான். 1987இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் காக்ஸ் தொடங்கிய முறை. மேலறைத் தசையில் தழும்புக் கோடுகள் போட்டு, சுற்றியலையும் மின்னோட்டத்தை ஒழுங்கான வழிக்குத் திருப்புவார்கள். காக்ஸ் வெட்டித் தைத்தார். இப்போது சூடுவைத்தோ உறையவைத்தோ போடுகிறார்கள். வரப்பில் ஒரு நண்டுவளை விட்டுப்போனால் என்ன ஆகும் என்று கொள்ளிடக்கரை விவசாயிக்குச் சொல்லவேண்டியதில்லை. அரைகுறைக் கோடும் அப்படித்தான், அதுவே புதுப் படபடப்பைக் கிளப்பும். வலது மேலறையில் மட்டும் போட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஃபிப்ரிலேஷன் என்னும் தாளக் கோளாறின் மூலம் பெரும்பாலும் இடது மேலறையில், நுரையீரல் சிரைகளின் வாயில் இருக்கிறது. இருபக்கமும் போட்டால் இதய-நுரையீரல் இயந்திரத்தில் இருக்கும் நேரம் நீளும். சிலருக்குப் பேஸ்மேக்கரும் தேவைப்படும்.

நெஞ்சைத் திறக்காமல் தொடைவழியே குடைக்கருவி வைத்து அடைப்பது யாருக்கும் ஆசைகாட்டும். தாளக் கோளாறைக் கவனிக்காமல் அதை முதலில் வைத்துவிட்டால், பின்னால் அதைச் சரிசெய்யக் கதீட்டர் இடது மேலறைக்குள் நுழைவது பெரும்பாடு. அறுவையின் குறைகளைவிட இந்த வரிசைப் பிழையே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கடலூர்க்காரர் ஜிப்மரிலோ சென்னையிலோ அறுவை முடித்து ஊர் திரும்பலாம். பிறகுதான் சிக்கல். குழந்தைகளைப் பரிசோதிக்கும் தேசிய சிறார் நலத்திட்டம் 18 வயதோடு நின்றுவிடுகிறது. அறுவை முடித்த பெரியவர்களுக்கோ ஆயுள் முழுக்கக் கண்காணிப்பு வேண்டும். ஈசிஜிக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரின் ஐஎன்ஆர் சோதனைக்கும் சென்னைவரை அலையவேண்டியதில்லை. சிதம்பரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் அங்குள்ள மருத்துவருக்கு, எந்தப் பக்கம் எங்கெங்கே கோடு போட்டார்கள் என்று தெரிந்தாகவேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'துளை மூடப்பட்டது' என்ற ஒற்றை வரி அதற்குப் போதாது.