நன்னூல் சொன்னதும் சொல்லாததும்

பென்னலூர் நெடுஞ்சாலை ஓரத்தில் காலை ஏழரை மணிக்கு நிற்பவர் இருவகைப் பேருந்துகளைக் காண்பார். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்பவை ஒருவகை. பொறியியல் கல்லூரி வாயில்களில் மாணவரை இறக்கிவிடுபவை மற்றொரு வகை. தொழிற்சாலைக்குள் புதிதாக நுழையும் இளைஞனுக்குப் பயிற்சிக் காலம் என்று ஒன்று உண்டு. மூத்த தொழிலாளி ஒருவர் அருகில் நின்று, இயந்திரத்தில் கையை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கலாகாது என்று காட்டுவார். கல்லூரி வகுப்பறைக்குள் புதிதாக நுழையும் விரிவுரையாளருக்கு அருகில் பெரும்பாலும் எவரும் நிற்பதில்லை.

சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை, வெப்ப இயக்கவியல் கற்பிக்கும் இளைஞர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். “சாமி, நான் பேசுவது எனக்கே சலிப்பாக இருக்கிறது. பிள்ளைகள் எப்படிக் கேட்பார்கள்?” என்றார். அவர் வகுப்பில் பாதிப்பேர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். வீட்டில் முதல் பட்டதாரிகள். தமக்குப் பயன்படும் நூல் ஏதும் உண்டா என்று கேட்டார். என் அலமாரியிலிருந்து இரண்டை எடுத்துக் கொடுத்தேன். அவற்றைக் கொடுத்தபின் எனக்குள் எழுந்த எண்ணங்களே இக்கட்டுரை.

முதலாவது, பவணந்தி முனிவரின் நன்னூல். 13-ஆம் நூற்றாண்டில், சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட, சமண முனிவர் ஒருவர் இயற்றிய இலக்கணம். எழுத்தும் சொல்லும் கற்க அதனைப் புரட்டுவோர் அதன் பொதுப்பாயிரத்தை விரைந்து கடந்துவிடுவர். எனக்கோ, கற்பித்தல் பற்றித் தமிழில் எழுந்தவற்றுள் அதற்கு இணையாக ஒன்று தோன்றவில்லை. நல்லாசிரியனுக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகிய நான்கையும் பவணந்தியார் உவமை ஆக்குகிறார். ஆசிரியன் ஆகத் தகாதவனுக்கும் நான்கு உவமைகள் உள்ளன. கழற்காய் நிறைத்த குடம், போட்ட முறையில் கொட்டாது. முன்பின் மாறிக் கொட்டும். மடல் நிறைந்த பனை, தானாகக் காய் உதிர்த்தால் உண்டு; ஏற முயல்பவனை அண்ட விடாது. பஞ்சடைத்த குண்டிகையிலிருந்து சிறிது சிறிதாகப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். முடத்தெங்கு, நீர் ஊற்றியவனை விட்டுவிட்டு வேலிக்கு அப்பால் இருப்பவனுக்குக் காய் தரும்.

இவ்வுவமைகளில் பழமை வாடை இல்லை. திரையில் ஒளிரும் எண்பது படச்சட்டங்களை ஐம்பது நிமிடத்தில் ஓட்டுபவர் கழற்குடம் அன்றி வேறென்ன? கட்டணம் செலுத்துவது மாணவனின் குடும்பம். ஆசிரியரின் உழைப்போ 2016 முதல் ஆண்டுதோறும் வெளிவரும் தரவரிசைப் பட்டியலுக்கான கட்டுரைகளில் காய்க்கிறது என்றால், அந்தத் தென்னை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது?

பாடம் சொல்லும் முறையையும் நன்னூல் வகுக்கிறது. காலமும் இடமும் நோக்கு, சொல்லப்போவதை முதலில் உள்ளத்தில் அமைத்துக்கொள், விரையாதே, சினவாதே, முகமலர்ச்சியோடு, கொள்வோன் எவ்வாறு கொள்வான் என்று அறிந்து கொடு. இவ்வளவும் சில வரிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆயினும் இங்கேதான் எனக்கு ஒரு குறை தோன்றுகிறது. நல்லவன் இன்னான், தகாதவன் இன்னான் என்று நூல் பிரித்துக் காட்டுகிறது. தகாதவனாக இருப்பவன் தகுதியுடையவனாக மாறும் வழி என்ன, அவனுக்குத் துணை யார் என்று கேட்டால் பாயிரம் மௌனம் காக்கிறது. மாணவன் பெறும் புலமையில் ஆசிரியர் உரைப்பதால் கிடைப்பது கால்பங்கு, உடன் பயில்வோரால் கால்பங்கு, எஞ்சிய பாதி பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிறையும் என்று அதுவே கூறுகிறது. அருமையான கணக்கு. கற்பிப்பவன் கற்பித்தலால் வளர்கிறான் என்பதை அறிந்திருந்த முனிவர், வளரும் காலத்தில் அவன் தடுமாறுவான் என்பதை எழுதாமல் விட்டார்.

அதை எழுதியவர் புனித அகுஸ்தினார். கி.பி. 400-ஐ ஒட்டி, கார்த்தேஜ் நகரில் தேயோகிராசியாஸ் என்னும் திருத்தொண்டர், புதிதாக வருவோருக்கு மறைக்கல்வி அளிக்கையில் தம் பேச்சு தமக்கே சலிப்பூட்டுவதாக ஆயருக்கு முறையிட்டார். நம் இளைஞரின் சொற்களேதாம்! அதற்கு மறுமொழியாகப் பிறந்ததே, தொடக்கநிலையினருக்குக் கற்பித்தல் பற்றிய சிறுநூல். அகுஸ்தினார் அறிவுரையில் தொடங்கவில்லை. தம் பேச்சும் பெரும்பாலும் தமக்குப் பிடிப்பதில்லை என்று ஒப்புக்கொள்கிறார். எண்ணம் மின்னலாய்ப் பாய்ந்து மறைய, சொற்கள் அதன்பின் மெல்ல நடந்து வருகின்றன என்கிறார். பிறகு சலிப்பின் காரணங்கள் ஆறினைப் பிரித்து ஆராய்கிறார். நமக்குப் பழகிப்போன ஊரை முதன்முறை காண வந்த நண்பருக்குச் சுற்றிக் காட்டுகையில், அவர் வியப்பால் நம் கண்ணும் புதிதாவதைச் சுட்டுகிறார். கேட்பவன் கொட்டாவி விட்டால் அவனைக் கடியாமல், உட்கார இருக்கை கொடு என்கிறார். இறுதியில் நீண்டது ஒன்றும் குறுகியது ஒன்றுமாக இரண்டு மாதிரி உரைகளைத் தாமே எழுதிச் சேர்க்கிறார். அந்த மாதிரிகளில் நீண்டது இன்று படிக்கையில் அயர்ச்சி தருகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் ‘இப்படிச் செய்’ என்பதோடு நில்லாமல் ‘இதோ செய்து காட்டுகிறேன், பார்’ என்னும் துணிவு எத்தனைப் பயிற்றுநருக்கு உண்டு?

இவ்விரு நூல்களையும் கையில் வைத்துக்கொண்டு நம் காலத்து ஏற்பாடுகளைப் பார்க்கலாம். பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகக் கல்வியியல் பட்டம் வேண்டும். கல்லூரிக்கு முதுகலைப் பட்டத்துடன் நெட் அல்லது செட் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ கேட்கிறார்கள். நெட் தேர்வின் முதல் தாளில் கற்பித்தல் திறன் பற்றிய வினாக்கள் உள்ளன. சரியான விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். முனைவர் பட்ட ஆய்வாளர் கற்பித்தலிலும் பயிற்சி பெற வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் விதி செய்தது வரவேற்கத்தக்கது.

பணியில் சேர்ந்தபின் உதவி இல்லை என்றும் சொல்ல இயலாது. சென்னைத் தரமணியில் தொழில்நுட்ப ஆசிரியர்களுக்கெனப் பயிற்சி நிறுவனம் 1964-இலேயே அமைந்தது. 1986-இன் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் தோன்றின. பெயர்கள் மாறி, 2023 முதல் அவை மாளவியா பெயரைத் தாங்குகின்றன. 2003-இல் தொடங்கிய என்பிடெல் வழியே ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகளை எவரும் காணலாம். கருவிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் புத்தொளிப் பயிற்சிகள் பதவி உயர்வு விதிகளோடு பிணைந்தபின், பலருக்குச் சான்றிதழே பயிற்சியின் முடிவாகிவிட்டது. அந்தப் பயிற்சியில் கேட்டது அவர் வகுப்பறைக்குள் நுழைந்ததா என்று பார்க்க எவரும் பின்தொடர்வதில்லை. ஒருவரது முறையீட்டுக்கு ஒருவர் எழுதிய கடிதம் 1,600 ஆண்டுகள் நின்றதன் காரணம் இங்கே புலப்படுகிறது. அது தேயோகிராசியாசின் சலிப்பை அறிந்து எழுதப்பட்டது.

இதைச் சொல்லும் தகுதி எனக்குத் தோல்வியால் வந்தது. குருவான புதிதில் ஒரு குருமடத்தில் ஈராண்டு மெய்யியல் கற்பித்தேன். உரோமை நூல்களிலிருந்து நான் எடுத்த குறிப்புகளை அப்படியே வாசித்தேன், மாணவர்கள் எழுதினார்கள். அறைக்கு வெளியே நடந்து சென்ற மூத்த குரு ஒருவர் ஒருமுறைகூட உள்ளே வந்து அமரவில்லை. அதனை மரியாதை என்று அன்று எண்ணிக்கொண்டேன். மடற்பனையாக இருந்தவன் நான்தான் என்பது நெடுநாள் கழித்தே விளங்கிற்று.

அந்த இளைஞர் உயிர்ப்பு விழாவுக்குப் பின் நூல்களைத் திருப்பித் தர வந்தார். அவருடைய துறையின் மூத்த பேராசிரியை ஒருவரும் அவரும் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்களாம். வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஒருவர் வகுப்பில் மற்றவர் பின்வரிசையில் அமர்வார். சான்றிதழ் கிடையாது, பதவி உயர்வுக் கணக்கிலும் ஏறாது. முதல்நாள் முடிவில் அந்த அம்மையார் சொன்னது: “தம்பி, நீங்கள் முழு நேரமும் பலகையோடுதான் பேசினீர்கள்.” அடுத்த வாரம் இவர் அவருடைய வகுப்பில் அமர்ந்திருக்கிறார். குறை ஒன்று கண்ணில் பட்டதாம். அதை அவரிடம் சொல்லத்தான் இன்னும் துணிவு வரவில்லை என்றார்.